நோயுற்றோர் கூற்றும் ஆய்வாளர் உரையும்

தமிழ்த்துறையில் பணிபுரிவோரை நாடி ஆண்டுதோறும் செவிலியர் கல்லூரி மாணவியர் வருவதுண்டு. அவர்தம் கையில் ஆங்கில வினாநிரல் ஒன்றும் அதன் தமிழாக்கமும் இருக்கும். தமிழாக்கம் பிழையற்றது என்று சான்றிதழில் ஒப்பமிட்டுத் தருதல் வேண்டும் என்பர். யாமும் அத்தகைய சான்றிதழ்கள் பலவற்றில் ஒப்பமிட்டுள்ளோம். ஒற்றுப்பிழை களைந்தோம்; தொடர்களைச் சீர்செய்தோம்; நாள் குறித்தோம். வினாக்களைக் கண்ட யாம் அவற்றுக்கு நோயாளர் தந்த விடைகளை ஒருநாளும் கண்டிலேம். அவ்விடைகள் தமிழில் பிறந்து ஆங்கிலத்தில் ஏடேறின.

அண்மையில் ஒரு மாணவி, தம் ஆய்வேடு நிறைவுற்றபின் அதன் படியொன்றை எமக்குக் காட்டினார். குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் பட்டறிந்தவற்றை ஆராயும் ஏடு அது. அதில் அத்தாய்மாரின் தமிழ்ச்சொல் ஒன்றேனும் இல்லை. எம் சான்றிதழ் மட்டும் பின்னிணைப்பில் இருந்தது. அம்மாணவியைக் குறைகூற இக்கட்டுரை எழுந்ததன்று. அவர் தமக்குக் கற்பிக்கப்பட்ட முறையினின்றும் பிறழ்ந்தாரல்லர். பிறர் துன்பத்தைச் சொல்வழி அறிய முற்படும் இவ்வாய்வுத்துறை ஒருவகை உரைநெறி என்பதும், உரைநெறியை ஆராயும் தமிழ்ப்புலமைக்கு அதில் பங்குண்டு என்பதும், அப்பங்கினை யாம் ஆற்றாதொழிந்தோம் என்பதுமே ஈண்டுக் கூறப்புகுவன.

உழைச்செல்வானும் செவிலியும்

நோயாளியின் சொல்லுக்கு மருத்துவத்தில் இடமுண்டு என்பது புதுக்கருத்தன்று. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வகுக்கின்றார். நோயுற்றவன் முதற்கண்ணும், தீர்ப்பவனும் மருந்தும் இடையிலும், உடனிருந்து பேணும் உழைச்செல்வான் இறுதியிலும் வைக்கப்பெறுகின்றனர். சரகரின் வடநூலும் இந்நான்கினையே கூறுகின்றது. ஆயின் அது மருத்துவனை முதலில் வைத்து நோயாளியை இறுதியில் நிறுத்துகின்றது. இவ்வைப்புமுறை வேறுபாடு கருதத்தக்கது. குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கு கூறுகளுக்கும் நந்நான்கு இயல்புகளை விரிக்குமிடத்து, நோயாளிக்குரியவற்றுள் ஒன்றாகத் தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் வன்மையை எண்ணுகின்றார். நோய்நிலை உணர்த்துதல் ஒரு வன்மையாயின், அதனைக் கேட்டு உணர்தலும் ஒரு வன்மையாதல் வேண்டும் அன்றோ? அக்கேட்கும் வன்மை எத்தகையது என்பதே எம் வினா.

இவ்வினாவுக்குச் செவிலி என்னும் சொல்லே ஒரு வழி காட்டுகின்றது. இன்று மருத்துவமனையிற் பணிபுரிவோரைக் குறிக்கும் செவிலியர் என்னும் வழக்கு, அகப்பொருள் இலக்கியத்துச் செவிலித்தாயை நினைவூட்டுவது. அவள் தலைவியை வளர்த்தவள், தோழியை ஈன்றவள். கற்புக் காலத்தில் அவளுக்கு மற்றுமொரு பணி உண்டு. மணமனை சென்று தலைவியின் வாழ்க்கையைக் கண்டுவந்து நற்றாய்க்கு உரைப்பவள் அவளே. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாட்டு இத்துறையைச் சார்ந்தது. அதில் செவிலி, மகளின் இல்லறம் சிறந்தது என்று ஒரு சொல்லும் கூறினாளல்லள். தயிர் பிசைந்த விரல், அவ்விரலால் துடைத்துக்கொண்ட ஆடை, தாளிப்பின் புகை சூழ்ந்த கண், கணவன் சுவைத்துண்ணக் கண்ட முகத்தில் சிறிதே தோன்றிய மகிழ்ச்சி ஆகிய இவற்றையே கூறுகின்றாள். முடிபு நற்றாயினுடையது, காட்சி செவிலியினுடையது. பிறர் பட்டறிவை மூன்றாமவர்க்கு உரைப்பதன் இலக்கணம் இச்சிறு பாட்டில் அடங்கியுள்ளது எனலாம்.

இவ்வாய்வுநெறி வளர்ந்த வரலாறு

செவிலியர் கல்வியில் நோயாளியின் பட்டறிவுக்கு இடம் தந்தோருள் முன்னோடி ஃபிளாரென்ஸ் நைட்டிங்கேல். 1859-இல் வெளிவந்த செவிலியம் பற்றிய குறிப்புகள் என்னும் அவர் நூல், காற்றையும் தூய்மையையும் பற்றிக் கூறுவதோடு அமையவில்லை. நோயாளியைக் காணவருவோர் பொய்யான ஆறுதல் மொழிகளால் அவரை மேலும் தளர்விக்கும் வகையை ஓர் இயலில் கடிந்துரைக்கின்றது. விடையைத் தன்னுள் அடக்கிய வினா பிழைபட்ட செய்தியையே ஈட்டித்தரும் என்பதையும் அந்நூல் தெளிவுறுத்துகின்றது. இரவு நன்றாகக் கழிந்ததா என்று வினவினால், நன்று என்பதற்கு ஒவ்வொருவரும் கொள்ளும் பொருள் வேறு. கேட்போரின் வினாவே கூற்றின் வடிவைத் திரிக்கும் என்னும் இவ்வுண்மையைப் பின்வந்தோர் பலர் மறந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செவிலியர் ஆய்வு எட்மண்டு ஹுசேர்லின் தோற்றவியல் மெய்ப்பொருளைத் துணைக்கொண்டது. ஆய்வாளர் தம் முன்முடிபுகளை ஒதுக்கிவைத்து, பொருள் உணர்வுக்குத் தோன்றுமாற்றை உள்ளவாறு காணுதல் வேண்டும் என்பது அதன் கோட்பாடு. பால் கோலெய்சி 1978-இல் இதனை ஏழுபடி முறையாக அமைத்தார். கூற்றுகளை முற்றும் படித்தல், இன்றியமையாத தொடர்களைப் பிரித்தெடுத்தல், பொருள் வகுத்தல், பொருள்களைக் கருப்பொருள்களாகத் தொகுத்தல், விரித்துரைத்தல், அடிப்படை அமைப்பைக் காணுதல், இறுதியாக அதனைக் கூறியவர்களிடமே கொண்டுசென்று ஒப்புநோக்குதல் என்பன அவ்வேழு. 1984-இல் பாட்ரிசியா பென்னர், தொடக்கநிலை முதல் முதிர்ந்த வல்லமைவரை செவிலியர் அடையும் ஐந்து நிலைகளை அவர்தம் சொந்த வாய்மொழிகளைக் கொண்டே விளக்கினார். 1990-இல் மாக்ஸ் வான் மானென், இத்தகைய ஆய்வு எழுதுதலினின்றும் பிரித்தற்கரியது என்று வற்புறுத்தினார்.

இவ்வளர்ச்சிக்கு மறுப்பும் எழுந்தது. 1996-இல் மைக்கேல் குரோட்டி, செவிலியர் ஆய்வுகள் தோற்றவியல் என்னும் பெயரால் தனியுள்ளத்து உணர்வுகளையே திரட்டுகின்றன என்றும், ஐரோப்பிய மெய்ப்பொருளாளர் கருதியது அதுவன்று என்றும் நிறுவினார். மறு ஆண்டில் ஜான் பேலி, ஹுசேர்லின் சொற்கள் இவ்வாய்வுகளில் பொருள் திரிந்து வழங்குகின்றன என்று காட்டினார். இம்மறுப்புகளில் உண்மை உண்டு. ஆயினும் எமக்கு ஒன்று தோன்றுகின்றது. இருசாராரும் ஹுசேர்லின் மூலத்துக்கு ஆய்வாளர் உண்மையாக இருந்தனரா என்று வழக்காடினர். நோயாளியின் கூற்றாகிய மற்றொரு மூலத்துக்கு உண்மையாக இருந்தனரா என்னும் வினா அவ்வழக்கில் பின்தங்கிவிட்டது. உரையாசிரியன் எம்மெய்ப்பொருளைச் சார்ந்தவன் என்பது இரண்டாவது வினா. மூலத்தைக் காத்தானா என்பதே முதல் வினா.

சுவான்சனின் ஆய்வு

பொதுவாகக் கூறியதைச் சிறப்பாக ஒரு நூல்வழிக் காண்பது நலம். அமெரிக்கச் செவிலியர் அறிஞர் கிறிஸ்டன் சுவான்சன் 1991-இல் வெளியிட்ட பேணுதற் கோட்பாடு இதற்கு ஏற்றது. நோயுற்றோர், பெற்றோர், பேணுவோர் என்னும் முத்திறத்தாரையும் அது தழுவி நிற்றலின். அக்கோட்பாடு மூன்று ஆய்வுகளினின்றும் பிறந்தது. கருச்சிதைவுற்ற மகளிர் 20 பேரை உசாவியது முதலாவது. பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவில் பேணுவோராக இருந்த பெற்றோரையும் பணியாளரையும் உசாவியது இரண்டாவது. செவிலியரின் நெடுநாள் துணையைப் பெற்ற, இடர்ப்பாட்டுக்குரிய இளந்தாயரை உசாவியது மூன்றாவது. இவற்றினின்றும் அவர் பேணுதலின் கூறுகளாக ஐந்தினைக் கண்டார். அறிதல், உடனிருத்தல், செய்துதவல், இயலச்செய்தல், நம்பிக்கையைக் காத்தல் என்பன அவை.

இவ்வைந்தும் தொழிற்பெயர்களாக அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. தொழிற்பெயர் பெயரே ஆயினும் வினையின் உயிர்ப்பு அதனுள் நிற்கும். உடனிருத்தல் என்றவுடன் இருப்பவர் யார், எவருடன், எத்துணைப்பொழுது என்னும் வினாக்கள் எழுகின்றன. படிப்பவர் மீண்டும் கூற்றினிடம் செல்லத் தூண்டப்படுகின்றார். பிறர் ஆய்வுகளில் மலிந்து காணப்படும் மனவழுத்தம், இசைவாக்கம், ஆதரவின்மை முதலிய பண்புப்பெயர்களுக்கு இவ்வாற்றல் இல்லை. அவை வாயிலை அடைத்துவிடுகின்றன. சுவான்சனின் கோட்பாடு நிலைபெற்றமைக்கு இவ்வினைத்தன்மையும் ஒரு காரணம் என்பது எம் துணிபு.

ஆயின் அதன் குறையும் ஈண்டே உளது. கருவை இழந்தவள் பேணப்பட்டவள். தீவிரப் பிரிவின் செவிலி பேணுபவள். அப்பிரிவின் தாயோ பேணுபவளும் ஆவாள், பேணப்படவேண்டியவளும் ஆவாள். இம்மூவர் கூற்றும் ஐந்து பெயர்களுள் ஒருங்கு அடங்கியவுடன், கூறியவர் யார் என்பது மறைகின்றது. உடனிருந்தேன் என்பதும் உடனிருந்தார் என்பதும் உடனிருக்க விட்டாரில்லை என்பதும் உடனிருத்தல் என்னும் ஒரு பெயரில் ஒடுங்குகின்றன. தன்மையும் படர்க்கையும் செய்வினையும் செயப்பாட்டுவினையும் மயங்குமிடத்தில் மாந்தர் உறவும் மயங்கும் அன்றோ?

கூற்றை அளக்கும் உறுப்புகள்

இம்மயக்கம் தீரத் தமிழில் ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுட்கு 34 உறுப்புகளை எண்ணுகின்றது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்னும் எட்டும் ஓசையைப் பற்றியன அல்ல. ஒருவர் மற்றொருவரிடம் பேசும் நிகழ்ச்சியைப் பற்றியன. செய்யுட்குக் கூறியவற்றை மருத்துவமனைப் பேச்சுக்குக் கொள்ளுதல் பொருந்துமோ எனின், பொருந்தும் என்போம். அகப்பாட்டும் ஒருவர் பெயரைச் சுட்டாது அவர் பட்டறிவைக் கூறுவது. ஆய்வேடும் பெயர் சுட்டாது பட்டறிவைக் கூறுவது. பெயர் நீங்கியபின்னும் ஆள் நீங்காதிருத்தற்கு அகப்பாட்டு கைக்கொண்ட கருவிகளே இவ்வுறுப்புகள்.

ஒரு சான்று அமைத்துக் காண்போம். குறைமாதக் குழந்தையின் தாய் ஒருத்தி, செவிலியர் மாணவியிடம், "பெத்தது நான், தூக்குறது நர்சம்மா. நான் கண்ணாடி வழியாப் பாத்துப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று கூறுவதாகக் கொள்வோம். இக்கூற்று ஆய்வேட்டில் எவ்வாறு மாறும்? பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவின் பெற்றோர் இடர்ப்பாட்டை அளக்க மார்கரெட் மைல்ஸ் குழுவினர் 1993-இல் வெளியிட்ட அளவையில், பெற்றோர் பங்கின் மாற்றம் என்பது ஒரு பிரிவு. மேற்கூறிய தாயின் சொல் பெரும்பாலும் அத்தலைப்பின்கீழ் அடங்கிவிடும். அடக்கியது பிழையன்று, அடங்காது எஞ்சியதே எம் கருத்துக்குரியது.

கூற்றை நோக்குவோம். பெத்தது என்பது இறந்தகாலம். ஒருமுறை நிகழ்ந்து முடிந்தது. தூக்குறது என்பது நிகழ்காலம்; நாள்தோறும் நிகழ்வது. தாய்மை முடிந்த வினையாகவும் செவிலியின் பணி தொடர்வினையாகவும் அவள் நாவில் பிரிந்து நிற்கின்றன. பாத்துப் பாத்து என்னும் அடுக்கு, அவளுக்கு எஞ்சிய ஒரே வினை இதுவென்று காட்டுகின்றது. கேட்போரை நோக்குவோம். நர்சம்மா என்று அவள் குறிப்பது, எதிரில் வினவிக்கொண்டிருப்பவரின் இனத்தாரையே. ஆதலின் குறைகூற அஞ்சிய அவள், மதிப்புச்சொல்லால் குறையை மூடிக் கூறுகின்றாள். இஃது எச்சம், சொல்லாது விட்டுக் குறிப்பால் உணரவைத்தது. இன்னார் இன்னாரிடம் இவ்விடத்தில் இதனை இவ்வாறே கூற இயலும் என்று உய்த்துணர்தல் முன்னம். அம்முன்னம் அறியாத ஆய்வாளர், இத்தாய் செவிலியரிடம் நன்மதிப்புடையவள் என்று எழுதுதலும் கூடும். ஒரே கூற்று இருவேறு முடிபுகளுக்கு இடந்தரும்பொழுது, அக்கூற்றையே ஏட்டினின்றும் நீக்கிவிட்டால் எம்முடிபு சரியென்று எவர் ஆராய்வது?

மெய்ப்பாட்டியலும் ஈண்டு ஒளி தருகின்றது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். பிணியை அவர் அழுகைக்கு நிலைக்களனாகக் கூறவில்லை. மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றொடு சேர்த்து இளிவரலின்கீழ் வைக்கின்றார். நோயுற்றவன் முதற்கண் உணர்வது தான் தாழ்ந்தேன் என்னும் கூச்சம் என்பது இதனால் போதரும். கனடாவில் ஹார்வி சோச்சினாவ் குழுவினர், முற்றிய புற்றுநோயால் இறுதிநிலை எய்திய 50 பேரை உசாவி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, மதிப்புணர்வு என்பதையே மையமாகக் கொண்டது. பிறர்க்குச் சுமையானேன் என்னும் எண்ணமும், உடலின் மறைவுக்கு ஊறு நேருமோ என்னும் அச்சமும் அம்மதிப்புணர்வைத் தாக்கும் பொருள்களுள் அடங்குவன. இரண்டும் ஒன்றென்று யாம் கூறவில்லை. ஆசிரியர் இலக்கண வகைமையில் கண்ட இடத்துக்கு, நோயாளரை நேரிற் கேட்டவர்களும் வந்துசேர்ந்தனர் என்பதே எம் கூற்று. தமிழில் ஆய்வு செய்வோர் அச்சம், கவலை என்னும் இரண்டினை மட்டும் வினவி அமைவாராயின் இளிவரலைக் காணாது போவர்.

வலியைக் கூறும் சொற்கள்

கூற்று சிதைவதால் நேரும் இழப்பு இலக்கிய நயத்தின் இழப்பு மட்டுமன்று, மருத்துவத்தின் இழப்புமாகும். அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃபரி 1968-இல் வலிக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். வலியுற்றவர் எதனை வலி என்கின்றாரோ அதுவே வலி. உண்டென்று அவர் கூறுங்கால் அஃது உண்டு என்பது அதன் கருத்து. இதனால் நோயாளியின் சொல்லே முதற்சான்றாயிற்று. ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மக்கில் வலி வினாநிரல், ஆங்கிலத்தில் வலியைக் கூறும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. சொல் வேறுபாடு நோய் வேறுபாட்டை உணர்த்தக்கூடும் என்பதே அதன் அடிப்படை.

தமிழில் இச்செல்வம் சிறிதன்று. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிசைதல், சுருக்கென்றல், விண்விண்ணென்று தெறித்தல் என விரியும் இவற்றை மக்கள் ஒன்றற்கொன்று மாற்றி வழங்கார். பல்லுக்குக் கூறுவதைக் காலுக்குக் கூறார். காலின் உளைச்சல் மனத்துக்கும் செல்லும், கடுப்போ அவ்வாறு எளிதிற் செல்லாது. நோய் என்னும் சொல்லே நோதல் என்னும் வினையடியாகப் பிறந்து, உடற்பிணியையும் உள்ளத்துயரையும் ஒருங்கே குறிப்பது. மருத்துவன் காணும் பிணியையும் நோயாளி உணரும் துன்பத்தையும் பிரித்தறிதல் வேண்டும் என்று மேலைநாட்டார் இந்நாளில் வற்புறுத்துகின்றனர். தமிழ்ச்சொல்லோ உணர்பவனிடமிருந்தே தொடங்குகின்றது. இச்சொற்கள் அனைத்தும் ஆய்வேட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிப் பின்னர் ஓர் எண்ணாக மாறுமாயின், நோய்நிலை உணர்த்தும் வன்மை நோயாளிக்கு இருந்தும் பயனில்லை.

மறுப்பும் விடையும்

ஈண்டு மூன்று தடைகள் எழக்கூடும். ஆய்வு என்பது பலர் கூற்றினின்றும் பொதுமை காண்பது. ஒவ்வொருவர் சொல்லையும் காத்தல் இயலாது என்பது ஒன்று. பொதுமை வேண்டா என்று யாம் கூறவில்லை. துறை என்பதும் பொதுமையே. ஆயின் துறைக்குறிப்பை வைத்துக்கொண்டு பாட்டை எறிந்துவிட்ட தொகுப்பாசிரியர் ஒருவரும் இலர். நோயாளியின் மறைவைக் காத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. பெயரும் ஊரும் நீக்குதல் கடமையே. அதற்காகச் சொல்லை நீக்கவேண்டுவதில்லை. படிப்போரும் தேர்வாளரும் ஆங்கிலம் வழங்குவோர் என்பது மூன்றாவது. மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிரே அச்சிடப்பெறுதல் எம்மொழிக்கும் புதிதன்று. ஆங்கிலம் படிப்போர் ஆங்கிலத்தைப் படிக்கலாம், ஐயுறுவோர் மூலத்தைக் காணலாம்.

இன்னுமொன்று. பழைய உரையாசிரியர்க்கு வாய்க்காத பேறு இவ்வாய்வாளர்க்கு உண்டு. பரிமேலழகர் வள்ளுவரைக் கண்டு ஐயம் தீர்த்துக்கொள்ள இயலவில்லை. செவிலியர் மாணவியோ தம் மூலத்தின் ஆசிரியரை மறுவாரமே மருத்துவமனையில் காணலாம். கோலெய்சியின் ஏழாம் படி அதனையே கூறுகின்றது. அமிதியோ ஜியோர்ஜி போன்றோர் அப்படியை ஏற்றிலர். வாழ்ந்தறிந்தவர் அவ்வாழ்வின் அமைப்பை ஆராய்ந்து கூறவல்லார் என்பதற்கு உறுதியில்லை என்பது அவர் கருத்து. அது மெய்ப்பொருள் நோக்கில் பொருந்தினும் பொருந்துக. தன் சொல்லுக்குக் கண்ட பொருளைத் தன் மொழியிலேயே கேட்டு, ஆம் என்றோ அன்று என்றோ கூறும் உரிமை கூறியவருக்கு உண்டு என்பதை அது மறுக்காது. முடிபு ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமாயின் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

முடிபு

இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. தமிழ்நாட்டு மண்ணில் அக்கல்வி இத்துணை ஆண்டுகள் வளர்ந்தும், நோயுற்றோரின் தமிழ்க்கூற்றுகளைத் தொகுத்து ஆராயும் பணி எம் துறைகளின் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தோம், பழமொழிகளைத் தொகுத்தோம், தாலாட்டையும் ஒப்பாரியையும் ஆராய்ந்தோம். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இடைப்பட்ட காலத்தில், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து மக்கள் பேசும் மொழியைக் கேட்டிலேம்.

ஆதலின் தமிழ்த்துறையினர் செய்யத்தக்கன இரண்டு. வினாநிரலைத் திருத்தித் தருமாறு வரும் மாணவியிடம், விடைகளையும் கொண்டுவருமாறு கேட்டல் ஒன்று. அவரொடு அமர்ந்து கூற்று, கேட்போர், எச்சம், முன்னம் என்பவற்றைக் கொண்டு அவ்விடைகளைப் படித்தல் மற்றொன்று. அம்மாணவியிடம் தாய்மாரின் தமிழ்க்கூற்றுகள் எங்கே என்று யாம் வினவினோம். ஒலிப்பதிவுகள் தம்மிடம் இருப்பதாகவும், தமிழில் எழுதிவைக்குமாறு எவரும் கேட்கவில்லை என்றும் அவர் விடையிறுத்தார். கேட்டிருக்கவேண்டியவர் யாமே. அடுத்த சான்றிதழில் ஒப்பமிடுமுன் கேட்போம்.